வெப்டூ: ஒரு சொற்பட்டியலின் பயணம்

1970-களில் ஒருநாள், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில், கணினி அறிஞர் பிரயன் கெர்னிகனின் மேசைத் தொலைபேசி மணி அடித்தது. பாக்கெட் கால்குலேட்டர் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த காலம். அதைத் தலைகீழாகப் பிடித்தால் 3 என்ற எண் ஈ என்ற ஆங்கில எழுத்தாகவும், 7 என்பது எல்லாகவும், 5 என்பது எஸ்ஸாகவும் தெரியும். உங்கள் கணினியில் ஓர் அகராதி இருக்கிறதாமே, இப்படிக் கவிழ்த்துப் பிடித்து எந்தெந்த ஆங்கிலச் சொற்களை எழுதலாம் என்று அதில் தேடிச் சொல்ல முடியுமா என்று கேட்டார் அழைத்தவர்.

கிடைக்கும் எழுத்துகள் ஏழு: பி, ஈ, ஹெச், ஐ, எல், ஓ, எஸ். கெர்னிகன் ஒரே ஒரு வரி தட்டினார். இந்த ஏழு எழுத்துகளை மட்டுமே கொண்ட சொற்களைப் பொறுக்கி எடு என்பது அதன் பொருள். ஷூ, ஷெல், பெல், பிளெஸ் என்று தொடங்கி, ஆங்கிலேயரே கேள்விப்பட்டிராத சொற்கள் வரை இருநூறுக்கும் மேல் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் அச்செடுத்து அழைத்தவருக்கு அனுப்பிவைத்தார். பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவு நூலில் இந்தச் சம்பவத்தை அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வரிக் கட்டளை ஓடிய கோப்பின் பெயர் வெப்டூ. ஒரு வரிக்கு ஒரு சொல் என்று மொத்தம் 2,34,936 சொற்கள். பொருள் இல்லை, உச்சரிப்பு இல்லை, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்ற குறிப்பும் இல்லை. சொல் மட்டும். கைவசம் உள்ள சில எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொற்களைத் தேட உலகத்தில் யாராவது முயன்றால், பெரும்பாலும் இந்தக் கோப்பையோ இதைப் போன்ற இன்னொன்றையோதான் தொடுகிறார்கள். அது நடந்து வந்த வழி நீளமானது.

அதன் பிறப்பிடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. நோவா வெப்ஸ்டர் 1843-இல் இறந்தபின், அவருடைய அகராதியின் உரிமையை ஜார்ஜ் மெரியம், சார்லஸ் மெரியம் என்ற அச்சுத்தொழில் சகோதரர்கள் வாங்கினார்கள். அவர்களுடைய நிறுவனம் 1934-இல் வெளியிட்ட மாபெரும் நூல்தான் வெப்ஸ்டர்ஸ் நியூ இன்டர்நேஷனல் டிக்‌ஷனரி, இரண்டாம் பதிப்பு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஆறு லட்சம் பதிவுகள் என்று விளம்பரம் செய்தார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் வில்லியம் ஆலன் நீல்சன்.

அந்த நூலின் பக்க அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் குறுக்காக ஒரு கோடு பிரிக்கும். மேலே வழக்கில் உள்ள சொற்கள். கீழே இன்னும் பொடி எழுத்தில், வழக்கொழிந்தவை, வட்டார வழக்குகள், தாவரவியல், விலங்கியல் பெயர்கள். எதையும் விட்டுவிட அந்தப் பதிப்பாசிரியர்களுக்கு மனம் வரவில்லை. ஹவாய்த் தீவின் புதர்ச்செடியான ஆலீயீ அதில் உண்டு. தென்னமெரிக்கத் தத்துப்பூச்சி இனமான சிஸோகீட்டன் உண்டு. நம் கட்டுமரமும் மிளகுதண்ணியும்கூட ஆங்கில வேடத்தில் உண்டு. பின்னாளில் வெப்டூவில் தேடியவர்கள் கண்ட விசித்திரச் சொற்களில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே வாழ்ந்தவைதான்.

இத்தனை சொற்களும் துண்டுச் சீட்டுகளாக எழுதி அடுக்கப்பட்டவை. மனிதக் கைகள் செய்த வேலை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. வேதியியல் பகுதியின் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் 1931 ஜூலையில் ஒரு சீட்டு அனுப்பினார். டி ஆர் டி, அதாவது பெரிய டியோ சிறிய டியோ அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் என்பது செய்தி. சுருக்கக்குறிகளின் அடுக்குக்குப் போக வேண்டிய சீட்டு சொற்களின் அடுக்குக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவர்கள் இடைவெளிகளைச் சேர்த்து வாசித்தார்கள். டார்ட் என்று ஒரு சொல் பிறந்தது, பொருள்: அடர்த்தி. அச்சிலும் ஏறிவிட்டது. 1939 பிப்ரவரியில் ஓர் ஆசிரியர், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் தரப்படவில்லையே என்று சந்தேகித்துத் துருவியபோதுதான் உண்மை தெரிந்தது. நூலிலிருந்து அதை நீக்க 1947 ஆயிற்று. இதைக் கேலிக்காகச் சொல்கிறவர்கள் பலர். எனக்கு அது மரியாதையைத்தான் தருகிறது. இத்தனை லட்சம் சீட்டுகள் புரண்ட இடத்தில் ஒரு பொய்ச் சொல்லைத் தேடிப் பிடித்த கண்கள் இருந்திருக்கின்றன.

1961-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஒரு லட்சம் புதுச் சொற்களுக்கு இடம் வேண்டும் என்று பழையவற்றில் சுமார் இரண்டரை லட்சம் பதிவுகளைத் தள்ளினார்கள். இரண்டாம் பதிப்பு பழைய புத்தகமாயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் நூல் பொதுச்சொத்தாகிவிடும். வெப்டூ கோப்போடு சேர்ந்து வரும் சிறு குறிப்பு ஒன்று, 1934-இன் உரிமை காலாவதியாகிவிட்டதாகப் பட்டியலைத் தந்தவர் சொல்கிறார் என்று தெரிவிக்கிறது. புத்தகம் பழையதான அதே காலத்தில் அதன் சொற்கள் புதுப் பிறவி எடுத்தன. விளக்கங்கள் உதிர்ந்து, தலைச்சொற்கள் மட்டும் கணினிக்குள் போயின.

அந்தக் கணினி எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வளர்ந்த பிடிபி-11 இயந்திரத்தில் ஒரு நிரலுக்கு ஒரே நேரத்தில் கிடைக்கும் நினைவகம் 64 கிலோபைட். வெப்டூவின் அளவோ கிட்டத்தட்ட 25 லட்சம் பைட். அப்போது புழங்கிய ஆர்கே05 என்ற தட்டு ஒன்றின் கொள்ளளவே அவ்வளவுதான். இந்தப் பட்டியலை முழுதாக நினைவகத்தில் ஏற்றித் தேடுவது நடவாத காரியம்.

ஆனால் ஏற்றவே வேண்டாம் என்பதுதான் கிரெப் என்ற கருவியின் அழகு. கென் தாம்சன் எழுதியது. ஈடி என்ற உரைத்தொகுப்பி நிரலுக்குள் இருந்த தேடும் பகுதியைப் பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கினார். உடன் பணியாற்றிய லீ மக்மஹன், ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கோப்புகள் ஈடிக்குள் அடங்கவில்லை. அவருக்காகப் பிறந்த கருவி 1973-இல் யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்றது. கிரெப் ஒரு வரியைப் படிக்கும், சொன்ன வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தினால் காட்டும், அடுத்த வரிக்குப் போகும். நினைவில் இருப்பது எப்போதும் ஒரு வரிதான். எவ்வளவு பெரிய பட்டியலும் அதற்குப் பொருட்டில்லை. வரிக்கு ஒரு சொல் என்று அடுக்கப்பட்ட வெப்டூ அதற்கென்றே செய்ததுபோல் அமைந்தது.

எழுத்துகளைக் கொடுத்துச் சொல் தேடுவது என்பதை ஒரே வேலை என்று நினைக்கிறோம். உள்ளே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த எழுத்துகளை மட்டும் கொண்ட சொல் எது? இது கால்குலேட்டர்காரரின் கேள்வி. இந்த எழுத்துகள் எல்லாம் எங்காவது இடம்பெறும் சொல் எது? இது இரண்டாவது. இவற்றை ஒன்றுவிடாமல், கூட்டாமல் குறைக்காமல், இடம் மாற்றி அடுக்கினால் வரும் சொல் எது? இது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதல் கேள்விக்குக் கிரெப் ஒன்றே போதும். இரண்டாவதற்கு யூனிக்ஸின் பைப் கைகொடுத்தது. ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலுக்கு நேரே ஊற்றும் ஏற்பாடு அது. டக் மக்கில்ராய் வற்புறுத்தி, தாம்சன் 1973-இல் செய்து கொடுத்தது. ஏ உள்ள சொற்களை ஒரு கிரெப் பொறுக்கும். அவற்றில் ஈ உள்ளவற்றை அடுத்த கிரெப். பிறகு ஐ, ஓ, யூ. ஐந்து வடிகட்டிகளையும் தாண்டி வருபவை ஐந்து உயிரெழுத்துகளும் உள்ள சொற்கள். வேண்டாத எழுத்து உள்ளவற்றைத் தள்ளவும் ஒரு வசதி உண்டு. கியூ வந்து அதன் பின்னே யூ வராத சொற்கள் எவை என்று ஸ்கிராபிள் என்ற சொல்லாட்டம் ஆடுகிறவர்கள் தவிப்பார்களே, அதை இரண்டு வடிகட்டிகளில் முடித்துவிடலாம்.

ஆல்ஃபிரட் ஏஹோ 1975-இல் ஈகிரெப் என்ற வலுவான தம்பியைச் செய்தார். அதை வைத்துக்கொண்டு கெர்னிகனும் ராப் பைக்கும் 1984-இல் வெளியிட்ட யூனிக்ஸ் நூலில் வெப்டூவிடம் இன்னும் கடினமான கேள்விகளைக் கேட்டார்கள். ஐந்து உயிரெழுத்துகளும் அகரவரிசையில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும் சொற்கள் எவை? அப்ஸ்டீமியஸ், ஃபெசீஷஸ் போன்ற சில வந்தன. எல்லா எழுத்துகளும் அகரவரிசையிலேயே ஏறிப் போகும், ஆறு எழுத்துக்குக் குறையாத சொற்கள்? ஆல்மோஸ்ட், பயாப்சி, சின்ட்ஸ் எல்லாம் வந்தன. ஏழு எழுத்தோடு முதலிடம் பிடித்தது ஈஜிலாப்ஸ். அந்த நூலைப் படித்து நிரல் எழுதக் கற்ற தலைமுறை ஒன்று உண்டு. வடிவம் கொடுத்துத் தேடுவது என்ற கலையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்பிரிங்ஃபீல்டு அகராதியின் பொடி எழுத்துப் பகுதி.

மூன்றாவது கேள்விதான் உண்மையில் சிக்கலானது. கோலிசிஸ்டோடியோடெனாஸ்டமி என்பது பித்தப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சையின் பெயர். ஆங்கிலத்தில் 22 எழுத்து. இதன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வேறு சொல் வருமா? எல்லா அடுக்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது முதலில் தோன்றும் வழி. 22 பொருள்களை அடுக்கும் முறைகளின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னே 21 சுழியம் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும். நொடிக்கு நூறு கோடி வீதம் பார்த்தாலும் 35,000 ஆண்டுகளுக்குமேல் ஆகும்.

பெல் ஆய்வகத்தின் ஜான் பென்ட்லி 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கான வழி இருக்கிறது. சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அதையே அந்தச் சொல்லின் கையெழுத்தாக வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப் என்ற சொல்லின் கையெழுத்து ஓ, பி, எஸ், டி. ஸ்பாட், போஸ்ட், டாப்ஸ், பாட்ஸ் எதை எடுத்தாலும் அதே கையெழுத்துதான் வரும். பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் கையெழுத்து போட்டுக் கையெழுத்துப்படி வரிசைப்படுத்தினால், ஒரே எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பென்ட்லி இந்த யோசனையைத் தனக்குச் சொன்னவர் டாம் கார்கில் என்று குறிப்பிடுகிறார். சொல்லை இப்படி அடுக்கு, பிறகு பட்டியலை அப்படி அடுக்கு என்று கையைக் கிடையாக ஒரு முறையும் நெடுக்காக ஒரு முறையும் வீசிக் காட்டினாராம். 35,000 ஆண்டு வேலை அந்த இரண்டு வீச்சில் கரைந்துபோயிற்று. அந்த மருத்துவச் சொல்லுக்கும் ஒரு ஜோடி கிடைத்தது: டியோடெனோகோலிசிஸ்டாஸ்டமி. அதே 22 எழுத்து, அதே பித்தப்பை, அதே குடல். கணினியியலில் நான் அறிந்த யோசனைகளில் இதைவிட எளிமையும் அழகும் சேர்ந்த ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் இதையே அல்ஃபாகிராம் என்று பெயரிட்டுப் பயிற்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்று வரிசையாகப் பார்த்தவுடன் ரீடெயின்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ரெட்சினா என்று மனப்பாடமாக வரவேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பொருளை உதறிய பட்டியல் மனித மூளைக்குள்ளும் முழுதாகக் குடியேற முடியும் என்று காட்டிவிட்டார்.

ஆனால் ஸ்கிராபிளுக்கு வெப்டூ உதவாது. பூனை என்ற சொல் அதில் இருக்கும், பூனைகள் இருக்காது. அகராதியின் தலைச்சொற்கள்தானே அவை. ஆரன் போன்ற ஆட்பெயர்கள் ஏராளமாக இருக்கும், ஆட்டத்திலோ அவை செல்லாது. அதனால் 1978-இல் மெரியம் நிறுவனம் ஸ்கிராபிளுக்கென்றே தனி அகராதி வெளியிட்டது. சொற்களின் எல்லா வடிவங்களும் அதில் வந்தன. ஆண்ட்ரூ ஏப்பலும் கை ஜேகப்ஸனும் 1988-இல் 94,240 சொல் கொண்ட ஆட்டப்பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே தொடக்கம் உள்ள சொற்கள் கிளையைப் பகிர்ந்துகொள்ளும் மரமாகக் கட்டினார்கள். பிறகு ஒரே முடிவுள்ளவற்றின் கிளைகளையும் இணைத்தார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த கணுக்கள் இருபதாயிரத்துக்குள் அடங்கின. பின்னர் வந்த ஸ்கிராபிள் ஆடும் பல நிரல்களுக்கு அடித்தளமானது அந்தக் கட்டமைப்புதான்.

எழுத்துப்பிழை திருத்தவும் வெப்டூ உதவாது. இதைத் தெளிவாக உணர்ந்தவர் மக்கில்ராய். பட்டியல் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தவறாகத் தட்டிய ஒரு சொல், யாரும் பயன்படுத்தாத பழஞ்சொல் ஒன்றோடு தற்செயலாக ஒத்துப்போய்விட்டால் பிழை மறைந்துவிடும். அவர் ஸ்பெல் நிரலுக்குச் சுமார் 30,000 அடிச்சொற்களை மட்டும் தேர்ந்து, முன்னொட்டு பின்னொட்டுகளைக் கழற்றிப் பார்க்கும் விதிகளோடு சேர்த்து, 52 கிலோபைட்டுக்குள் அடக்கினார். ஒரு சொல்லுக்குச் சராசரியாக 14 பிட். எதைச் சேர்ப்பது என்ற யோசனையைவிட எதை விடுவது என்ற யோசனை அதில் அதிகம்.

வெப்டூ பெல் ஆய்வகத்தோடு நின்றிருந்தால் நாம் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஜேம்ஸ் வுட்ஸ் அதைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தார். வரிசைப்படுத்திய பட்டியல்களைச் சுருக்குவதில் அவருக்குத் தனி ஆர்வம். பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் எத்தனை எழுத்தைப் பகிர்கின்றன என்று எண்ணாகக் குறித்துவிட்டு, மாறும் பகுதியை மட்டும் எழுதும் உத்தியை 1983-இல் கோப்புத் தேடலுக்குப் பயன்படுத்தியவர். வெப்டூவோடு அவர் வைத்த குறிப்புதான் நான் மேலே சொன்னது. மொத்தச் சொல் எண்ணிக்கை, உரிமை விவரம், கிரெப்புக்கு இது நல்ல இரை என்ற ஒரு வாக்கியம், கீழே அவர் பெயர். பெர்க்லி யூனிக்ஸிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்கும், அங்கிருந்து ஆப்பிளின் மேக் கணினிகளுக்கும் கோப்பு தானாகவே பயணப்பட்டது. லினக்ஸ்காரர்கள் வேறு பட்டியல்களை எடுத்தார்கள். கிரேடி வார்டு 1996-இல் பொதுச்சொத்தாக விட்ட மோபி ஒன்று, கெவின் அட்கின்சனின் ஸ்கவுல் இன்னொன்று.

இன்றைய விளையாட்டுகள் கேட்பதும் அதே மூன்று கேள்விகளைத்தான். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ ஏழு எழுத்துகளைத் தந்து, இவற்றை மட்டும் கொண்டு, நடு எழுத்து கட்டாயமாக வரும்படி சொற்களைக் கேட்கிறது. கால்குலேட்டர்காரரின் கேள்வியோடு ஒரு நிபந்தனை கூடியிருக்கிறது. ஜோஷ் வார்டில் 2021-இல் வெளியிட்ட வேர்டில் ஆட்டத்தில் ஊகமாக ஏற்கப்பட்ட ஐந்தெழுத்துச் சொற்கள் 12,000-க்கும் மேல். விடையாக வரக்கூடியவையாக அப்போது இருந்தவை 2,315 மட்டும். அவருடைய துணைவி பலக் ஷா உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த சொல், தெரியாத சொல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். மக்கில்ராய் பிழைதிருத்தத்துக்குச் செய்ததை அவர் விளையாட்டுக்குச் செய்தார். அந்த ஆட்டம் கோடிக்கணக்கானவர்களுக்குப் பிடித்துப்போனதில் நிரலின் பங்கைவிட அந்தப் பொறுமையின் பங்கு பெரிது என்பேன்.

எழுத்துகளைத் தந்து சொல் தேடும் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: விடை சரியில்லை என்றால் நிரலைக் குறை சொல்லும் முன் அது எந்தப் பட்டியலில் தேடுகிறது என்று பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டப்பட்டியல், பிழைதிருத்தத்துக்குச் சிறு பட்டியல், மொழியின் மூலை முடுக்கைப் பார்க்க வெப்டூ. மேக் கணினி வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து, யூஎஸ்ஆர் என்பதற்குள் ஷேர், அதற்குள் டிக்ட் என்ற அடைவுக்குப் போனால் வேர்ட்ஸ் என்ற பெயர் தெரியும். அது சுட்டுவது வெப்டூவைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர்கள் பெயரின் ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்டு என்னென்ன சொற்கள் வருகின்றன என்று தேடிப் பாருங்கள். தெரியாத சொல் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பொருள் கோப்பில் இல்லை. அகராதியை எடுத்துப் பாருங்கள்.